ராத்திரிக்கு எங்கீங்க படுக்கறது?

பவானிக்காரன் காசிக்குப் போவதே ஒரு வேடிக்கை. காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரிய, அமுத நதி கண்ணுக்குத் தெரியாமல் வந்து கலக்கிற கூடுதுறை வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, கங்கையும் யமுனையும் தெரிய, சரஸ்வதி தெரியாமல் வந்து கலக்கிற பிரயாகைக்குப் போய் முங்கிவிட்டு, அப்புறம் காசிக்குப் போகிறோம். போவதற்கு மட்டும் கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர். இரண்டு ஊரிலும் மூன்றாவது ஆற்றைப் பார்த்தவர் யாரும் கிடையாது. "தெரியாத ஆத்துக்கு இத்தனை தூரம் போகோணுமுங்களா அத்தை?" என்று கேட்டால், "இங்கத்த ஆறு எங்க கண்ணு ஓடிப்போகுது, வந்து குளிச்சுக்கலாம்" என்கிறார்.

ரயிலில் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை வேண்டியதில்லை. நான் சொல்வது டூரிஸ்ட் பஸ். மேலே அண்டா, குண்டான், அடுப்பு. பின்னால் டிக்கியில் அரிசி மூட்டை, பருப்பு, சின்ன வெங்காயம், நாலைந்து தண்ணீர் கேன். உள்ளே சொந்தபந்தம், தெருக்காரர்கள், ஒரு சமையல்காரர், யாருக்கு என்ன உறவு என்று கடைசிவரை தெரியாத ஒரு ரிட்டையர்டு வாத்தியார். பணம் வசூல் செய்து நோட்டுப் போட்டு எழுதி, பஸ் பேசி, நல்ல நாள் பார்த்ததெல்லாம் மாமா. ஆகவே வழியில் எது நடந்தாலும் முடிவெடுக்கிற உரிமை தனக்குத்தான் என்பது அவர் கட்சி. டிரைவர் சங்ககிரிக்காரர். லாரியில் இந்தியா முழுக்க ஓட்டிவிட்டு, வயதான காலத்தில் புண்ணியமாக இருக்கட்டும் என்று டூரிஸ்ட் பஸ்ஸுக்கு மாறியவர். அதிகம் பேசமாட்டார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் எங்கள் ராத்திரிகள் எல்லாம் மாட்டிக்கொண்டன.

சேலத்தில் ஏறினால் ரோடு ஒன்றுதான். வாரணாசியில் தொடங்கி கன்னியாகுமரியில் முடிந்த பழைய 7-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை. 2,369 கிலோமீட்டர், அந்தக் காலத்தில் நாட்டிலேயே நீளமானது. இப்போது பெரும்பகுதிக்கு 44 என்று நம்பர் மாற்றி, மத்தியப் பிரதேசத்தில் வேறு நம்பர்களாகப் பிரித்துவிட்டார்கள். கிருஷ்ணகிரி, பெங்களூர், அனந்தபூர், கர்நூல், ஹைதராபாத், நிர்மல், அடிலாபாத், நாக்பூர், ஜபல்பூர், ரீவா. பகலில் இந்த ஊர்களைப் பற்றிக் கவலையே இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் பஸ்ஸுக்குள் சட்டசபை கூடும். பொருள் எப்போதும் ஒன்றே: ராத்திரிக்கு எங்கீங்க படுக்கறது?

ரூம் போடலாமே என்று கேட்பீர்கள். ஒரு பஸ் ஆளுக்கு லாட்ஜில் ரூம் போட்டால் மாமாவின் நோட்டு அனந்தபூரிலேயே முடிந்துவிடும். அதோடு, லாட்ஜில் அண்டா வைத்து அரிசிம்பருப்புச் சாதம் ஆக்க விடமாட்டார்கள். ராணி மங்கம்மாள் காலத்தில் நெடுகச் சத்திரம் கட்டி வைத்தார்களாம். மதுரைப் பக்கம் போகிறவர்களுக்கு அந்த யோகம். எங்களுக்கு இருப்பது கல்யாண மண்டபம், கோயில் வளாகம், தாபா, பெட்ரோல் பங்க், கடைசியாகக் கடவுள் விட்ட வெட்டவெளி.

இதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. அத்தைக்குக் கழிப்பறை. கதவு இருக்க வேண்டும், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும், தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையை ஏன் தனியாகச் சொல்கிறார் என்பது கர்நூல் தாண்டி ஒரு தாபாவில் புரிந்தது. சமையல்காரருக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது. பையன்களுக்குச் சார்ஜர் பாயிண்ட். வாத்தியாருக்கு நாய் இருக்கக் கூடாது, வெளிச்சம் இருக்க வேண்டும், ஆனால் முகத்தில் அடிக்கக் கூடாது. மாமாவுக்கு ஒன்றே ஒன்று: இலவசம்.

டிரைவரின் கணக்கு வேறு. அவர் போர்டைப் பார்ப்பதில்லை, கட்டடத்தையும் பார்ப்பதில்லை. நிற்கிற லாரிகளைப் பார்க்கிறார். லாரிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குகிறான் என்றால் அங்கே டீசல் திருட்டு இல்லை, தார்ப்பாயை அறுக்கிறவன் இல்லை, ராத்திரி முழுக்க லைட் எரிகிறது, குளிக்கத் தொட்டி இருக்கிறது, விடியக்கருக்கலில் டீ கிடைக்கிறது என்று பொருள். அதிலும் நம்பர் பிளேட்டில் டி.என். 28 தெரிந்தால் நாமக்கல், 52 தெரிந்தால் சங்ககிரி, 34 தெரிந்தால் திருச்செங்கோடு. "நம்ம வண்டி மூணு நிக்குதுங்க, அங்க போட்டுக்கலாம்" என்பார். லாரியே இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க மாட்டார். அழகான இடத்தில் லாரி ஏன் நிற்கவில்லை என்று யோசிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

நிர்மல் மலையேறி அடிலாபாத்தை நெருங்கும்வரை அவர் கட்சிதான் ஜெயித்து வந்தது. அங்கேதான் அமெரிக்கா குறுக்கே வந்தது.

மாமாவின் மச்சான் பையன் டெக்சாஸில் இருக்கிறான். வீடு மாதிரி ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு வடக்கே புல்வெளிப் பிரதேசத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் புல். நடுவில் இவன் வண்டி. வண்டிக்கு முன்னால் மடக்கு நாற்காலி, கையில் காபி, பின்னால் சூரியன் இறங்குகிறது. இந்தப் போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். மாமா அதைப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். வெளியேயும் கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டை. பருத்தி, சோயா, நடுவில் அறுத்துப் போட்ட ஒரு பெரிய வெற்றுக்காடு.

எங்கள் ஆட்களுக்கு இந்தத் தட்டையே கொஞ்சம் பயம். பவானியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கிரி: சங்ககிரி, நாககிரி, வேதகிரி, மங்களகிரி, பதுமகிரி என்று ஐந்து மலைக்கு நடுவில் சங்கமேஸ்வரர் உட்கார்ந்திருக்கிறார். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கரடாவது தெரியும். இங்கே ஒரு கரடுகூட இல்லை. "எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கறதுன்னே தெரியலையே" என்றார் அத்தை. மாமா கேட்கவில்லை. "அமெரிக்காவுல டாலர் குடுத்து இப்படிப் படுக்கறாங்க. நமக்குச் சும்மா கெடைக்குது, நிறுத்துங்க தம்பி."

டிரைவர் மண்ணைப் பார்த்தார். "கரிசலுங்கண்ணா. ராவுல மழை வந்துதுன்னா வண்டி எந்திரிக்காதுங்க."

"புரட்டாசி மாசத்துல இங்க ஏது மழை?"

மழைக்குத் தமிழ் மாதம் தெரியாது. ஒன்பது மணிக்கு வந்தது.

கரிசல் மண்ணில் மழை விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கொங்குச் செம்மண்ணில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. முதலில் செருப்பு கனக்கும். அடுத்த அடியில் செருப்பு ஒவ்வொன்றும் ஒரு படி அரிசி எடை ஆகும். மூன்றாவது அடியில் கால் வரும், செருப்பு வராது. வாத்தியார் ஒரு செருப்போடு பஸ்ஸுக்குள் ஏறினார்; இன்னொன்றைத் தேடுவது விடிந்த பிறகு என்று முடிவாயிற்று. ஜமுக்காளங்களைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் உள்ளே ஓடினோம்.

ஜமுக்காளம் என்று சொல்லும்போது பவானிக்காரன் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். எங்கள் பஸ்ஸில் மெத்தை கிடையாது, தலையணை ஆளுக்கு ஒன்று, மற்றபடி எல்லாம் ஜமுக்காளம்தான். பந்தியில் வரிசையாக உட்கார விரிக்கிற நீள ஜமுக்காளம், குடும்பத்தோடு படுக்கிற அகல ஜமுக்காளம், பட்டுக்கரை போட்டு ஒறம்பரை வந்தால் மட்டும் பீரோவிலிருந்து இறங்குகிற ஜமுக்காளம். குழித்தறியில் கெட்டி நூலில் நெய்தது. 2005-ஆம் ஆண்டு வாக்கில் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜமுக்காளம் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய சரக்கு, விசைத்தறியில் ஓட்டக் கூடாது. ஓட்டுகிறார்கள் என்பது எங்கள் ஊர்த் தறிக்காரர்களின் நெடுநாள் வயிற்றெரிச்சல். கைத்தறி ஜமுக்காளத்துக்கு உள்ள பெருமை, பங்க்கின் சிமெண்டுத் தரையில் விரித்தாலும் குளிர் மேலே ஏறாது. சிறுமை, நனைந்தால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அன்று ராத்திரி பஸ்ஸின் நடுவழியில் நனைந்த ஜமுக்காளங்கள் குவிந்து கிடந்தன. அவற்றைத் தாண்டி யாரும் எங்கேயும் போக முடியவில்லை. கழிப்பறை பற்றிய அத்தையின் நிபந்தனைகளை நான் இங்கே மறுபடி நினைவூட்டப் போவதில்லை.

உட்கார்ந்தபடி தூக்கம் வராததால் வாத்தியார் கேரோ துரை கதையை எடுத்தார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கோவை கலெக்டர் வில்லியம் கேரோ பவானியில் தங்கியிருந்தபோது, ஒரு மழை ராத்திரியில் சின்னப் பெண் ஒருத்தி வந்து எழுப்பி வெளியே கூட்டிப்போனாளாம். அவர் வெளியே வந்ததும் படுத்திருந்த கட்டடம் இடிந்து விழுந்ததாம். வந்தவள் வேதநாயகி அம்மன்தான் என்று நம்பிய துரை, 1804-இல் தந்தத்தில் ஒரு கட்டில் செய்து கோயிலுக்குக் கொடுத்தார். கட்டில் இன்றைக்கும் கோயிலில் இருக்கிறது. "ராத்திரி தப்பான எடத்துல படுத்தா கலெக்டரையே எழுப்பி வெளிய அனுப்புவா அம்மா" என்று வாத்தியார் முடித்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். "எனக்கு யாரும் வந்து சொல்லலையே" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "அதுதான் டிரைவர் தம்பி சொல்லுச்சே" என்றார் அத்தை.

காலையில் ஒரு டிராக்டர் வந்து இழுத்தது. இலவச இடத்துக்கு டிராக்டர் வாடகையாக மாமா கொடுத்த தொகைக்கு அடிலாபாத்தில் நாலு ரூம் போட்டிருக்கலாம். அதை நோட்டில் 'இதர செலவு' என்று எழுதினார்.

டெக்சாஸ் பையனிடம் பிறகு போனில் பேசினேன். அவன் சிரித்தான். போட்டோவில் தெரிவது வெட்டவெளியாம். தெரியாதது வண்டிக்குப் பின்னால் இருக்கிறதாம். தண்ணீர்க் குழாய், கரண்டு பெட்டி, கழிவு போகிற குழாய், மூன்றையும் வண்டியில் மாட்டிக்கொள்கிற மாதிரி கான்கிரீட் மேடை. முன்கூட்டியே பதிவு செய்து, பணம் கட்டி, நம்பர் போட்ட இடத்தில் நிறுத்தியிருக்கிறான். அங்கே இதற்கென்றே பெரிய கம்பெனிகள் உண்டு. அவற்றில் பேர்போன கே.ஓ.ஏ. 1962-இல் மான்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் என்ற ஊரில், ஒரு ஆற்றங்கரையில் தொடங்கியது. சியாட்டில் உலகக் கண்காட்சிக்குக் காரில் போகிற கூட்டம் ராத்திரிக்கு எங்கே படுப்பது என்று தெரியாமல் அலைந்ததைப் பார்த்து ஆரம்பித்தார்களாம். அப்போது ராத்திரிக்கு 1.75 டாலர், வெந்நீர், கழிப்பறை, ஒரு சின்னக் கடை. ஆக, அமெரிக்காக்காரனும் வெட்டவெளியில் படுக்கவில்லை, குழாயடியில்தான் படுக்கிறான். பணம் கட்ட மனசில்லாதவர்கள் வால்மார்ட் கடைகளின் வண்டி நிறுத்தத்தில் கேட்டுக்கொண்டு இலவசமாகப் படுக்கிறார்களாம். மாமாவுக்கு அந்த நாட்டிலும் ஆள் இருக்கிறது.

நம் பக்கத்திலும் இந்த ஆசை வந்துவிட்டது. 2021-இல் கேரளாக்காரர்கள் 'கேரவன் கேரளா' என்று திட்டம் போட்டு, பிறகு வாகமண்ணில் கேரவன் பார்க் திறந்தார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் நம் ஊரில் கேரவன் ஒன்று வந்து நின்றால் முதலில் கூடுகிற கூட்டம், உள்ளே எந்த நடிகர் இருக்கிறார் என்று கேட்கும். அவர் இறங்கும்வரை போகாது. உள்ளே இருப்பவர் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் என்று சொன்னால் நம்பாது.

டிராக்டர் இழுத்ததிலேயே பாதி நாள் போய்விட்டதால் அன்று நாக்பூரை எட்ட முடியவில்லை. பென்கங்கா ஆற்றைத் தாண்டி மகாராஷ்டிரத்துக்குள் நுழைந்து, ஹிங்கண்காட் பக்கம் வரும்போதே பொழுது இறங்கிவிட்டது. ஒரு பெரிய பங்க். பளிச்சென்று லைட், பேவர் பிளாக் தரை, கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள். பங்க்கில் காற்று, குடிதண்ணீர், கழிப்பறை மூன்றும் இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது, தெரியுமா என்று வாத்தியார் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த இடத்தை மறுக்க ஒரு காரணமும் இல்லை. டிரைவர்கூட வேகத்தைக் குறைத்தார். ஓரத்தில் ஒரு ரிக் வண்டியும், கூடவே பைப் ஏற்றிய லாரியும் நின்றன. டி.என். 34.

திருச்செங்கோட்டு ரிக்காரர்கள்தான் இந்தியாவின் உண்மையான கேரவன் ஆட்கள் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். போர் போடுகிற வண்டியோடு வீட்டை விட்டுக் கிளம்பினால் மாசக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். தெலங்கானா, மகாராஷ்டிரா, சத்தீஸ்கர், அங்கிருந்து ஆப்பிரிக்காவரை போயிருக்கிறார்கள். சமையல், குளியல், தூக்கம் எல்லாம் வண்டியடியில். லாரியின் பக்கவாட்டில் பெட்டி கட்டி, அதில் மளிகை. கயிறு கட்டி, அதில் லுங்கி. எங்கள் பேச்சைக் கேட்டதும் ஒரு பையன் தட்டோடு எழுந்து வந்தான்.

"பவானிங்களா? நமக்குக் கொமாரபாளையத்துல அக்கா குடுத்திருக்குதுங்க. ஊர்ல மழை பேஞ்சுதுங்களா?"

ஊர் விசாரணை முடிந்து, சமையல்காரர் அண்டாவை இறக்கப் போனபோதுதான் அவன் மெல்லக் கேட்டான். "சோறாக்கப் போறீங்களா? இந்தத் தண்ணிலயா?"

"ஏன் கண்ணு?"

"உப்புங்க. பருப்பு வேகாது. எத்தனை நேரம் கொதிச்சாலும் பருப்பு பருப்பாவே கெடக்கும். நாங்க கேன்லதான் கொண்டாறோம்."

"உனக்கெப்படிப்பா தெரியும்?"

"இந்தப் போர் நாங்கதானுங்க போட்டோம்."

சமையல்காரர் அண்டாவைத் திரும்ப மேலே ஏற்றினார். அரிசிம்பருப்புச் சாதத்தில் பருப்பு வேகாவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? ரிக் பையனே வழி சொன்னான்: இன்னும் கொஞ்ச தூரம் போங்க, டோல்கேட் தாண்டி இடது கைப்பக்கம் ஒரு சின்ன தாபா, பார்க்க நல்லா இருக்காது, ஆனா தண்ணி நல்ல தண்ணி, அந்தப் போரும் நாங்கதான். போனோம். தகரக் கொட்டகை, கயிற்றுக் கட்டில்கள், குளிக்க ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி, அதன் விளிம்பில் ஒரு துண்டு சோப்பு. கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை. அத்தை ஒரு கயிறு வாங்கிக் கட்டினார். தாபாக்கார சர்தார் எங்கள் அண்டாவைப் பார்த்துவிட்டு ஒரு மூலையைக் காட்டினார். அவர் கடையில் டீ மட்டும் குடித்தால் போதும் என்று கை காட்டிவிட்டார். பருப்பு முக்கால் மணி நேரத்தில் வெந்து குழைந்தது. நெய் ஊற்றி இறக்கியபோது சர்தாரே ஒரு தட்டோடு வந்தார். அந்தப் பயணத்தில் எல்லோரும் தூங்கிய ராத்திரி அது.

நாக்பூருக்கு மேலே பெஞ்ச் புலிகள் காப்பகம். அங்கே ரோட்டை மேலே தூக்கி, அடியில் மிருகங்கள் போக வழி விட்டிருக்கிறார்கள். புலி அந்த வழியில் போவதைக் கேமராவில் பிடித்தும் இருக்கிறார்கள். மாமா அந்தப் பகுதியைத் தாண்டும்வரை "நிறுத்துங்க" என்ற சொல்லை எடுக்கவில்லை. "புலிக்கு வழி கீழதான்னு தெரியுமுங்களா தம்பி?" என்று கேட்டார் அத்தை. "தெரியாத புலி ஒண்ணு ரெண்டு இருக்குமுங்க" என்றார் டிரைவர். சிவனி வரும்வரை யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

காசியில் தங்குவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 1863 முதல் நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே சத்திரம் நடத்துகிறார்கள். தமிழ் பேசி, சாம்பாரும் சாப்பிட்டு, கட்டடத்துக்குள் படுத்தோம். வந்து சேர்ந்த இடம் எப்போதும் சுலபம். நடுவில் வருகிற ராத்திரிகள்தான் பாடு.

நாம் வழியில் தேடியதை மற்றவர்கள் நம் ஊரில் தேடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற கர்நாடக, ஆந்திர வண்டிகள் கூடுதுறையில் வந்து நிற்கும். குளிப்பார்கள், கும்பிடுவார்கள், கிடைத்த இடத்தில் அடுப்பு மூட்டுவார்கள், வண்டிக்கடியில் படுப்பார்கள். அவர்கள் பஸ்ஸிலும் ஒரு மாமா இருப்பார். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று பார்க்கிற ஒரு குருசாமி இருப்பார். நல்ல தண்ணீர்க் குழாய் எங்கே என்று தெலுங்கில் கேட்டால் பாஷை தெரியாதென்று போய்விடாமல் கையையாவது காட்டுங்கள்.

அடுத்த வருஷம் கிளம்புகிறவர்களுக்கு: ஐந்து மணிக்குமேல் இடம் தேடாதீர்கள். லாரி நிற்காத இடத்தில் நிற்காதீர்கள். கரிசலில் டயரை இறக்காதீர்கள். அண்டாவை இறக்குவதற்குமுன் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள். ஒரு முழக் கயிறு அத்தையிடம் இருக்கட்டும். முடிவை டிரைவரிடம் விட்டுவிட்டு, நோட்டை மட்டும் மாமாவிடம் கொடுங்கள்.